பச்சை ஒட்டுத்தாள் ஒட்டிய வாள்: வரலாற்று வாள்வீச்சுப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும், உபகரணச் சோதனை மேசையில் என்னோடு நிற்கும் மார்ஷல்களுக்கும்,

வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் முறிந்த வாளின் துண்டு ஒன்று இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். ஒரு முனை சுருட்டி மழுக்கப்பட்டது, மறுமுனை முறிந்தது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டு நிறங்கள் தெரியும். பெரும்பகுதி, உடைத்த கற்கண்டைப் போலப் பொடிமணியாகப் பளபளக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும், விரல் நகத்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் பிறையின் அளவில், பழுப்பாக ஓர் அரைவட்டம் படிந்திருக்கிறது. அந்தப் பழுப்பு துரு. துரு ஏறுவதற்கு நாள் வேண்டும். ஆகவே அந்தப் பிறை, வாள் முறிந்த நொடியில் உண்டானதாக இருக்க முடியாது. பல நாட்களாகவோ பல வாரங்களாகவோ விரிசலாக அங்கே இருந்து, ஒவ்வொரு குத்துக்கும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்து, மீதமிருந்த எஃகால் இனித் தாங்க முடியாது என்ற கட்டத்தில் பளிச்சென்று விட்டுப் போயிருக்கிறது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு அந்த வாளைச் சோதித்து, கைப்பிடிக்கு மேலே பச்சை ஒட்டுத்தாளை ஒட்டிக் களத்துக்கு அனுப்பியவன் நான்தான்.

முறிந்தது பிற்பகலில், அந்த வாளின் ஐந்தாவது ஆட்டத்தில். குத்து எதிராளியின் மார்பில் பட்டது. வாள் வழக்கம்போல் வில்லாக வளைந்தது. நிமிர வேண்டிய இடத்தில் ஒடிந்தது. முனைத்துண்டு சுழன்று போய், வரிசையில் நின்றவர்களின் காலடியில் விழுந்தது. கையில் மிஞ்சிய பகுதியோ, குத்திய வேகம் தணியாமல் முன்னே சென்று, எதிராளியின் அக்குளுக்கு நான்கு விரற்கடை கீழே ஜாக்கெட்டின் மேல்துணியைக் கிழித்தது. உள்ளடுக்கு தாங்கிவிட்டது. தோலில் ஒரு சிவந்த கோடு, அவ்வளவுதான். வாள் முறிந்த இளைஞர் தண்ணீர் குடித்துவிட்டு, வேறொருவரின் வாளை இரவல் வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். எல்லோரும் நிம்மதியாகக் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. நான்கு விரற்கடை மேலே பட்டிருந்தால், அந்த இடத்தில் ஜாக்கெட் ஒற்றைத் துணி மட்டுமே என்பது காலையில் அதைத் தொட்டுப் பார்த்த எனக்குத் தெரியும்.

நான் தொழிலால் வெல்டிங் இன்ஸ்பெக்டர். திருச்சிக்கு அருகே திருவெறும்பூர்ப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு பென்சில்வேனியாவுக்கு வந்து, இங்கேயும் அதே வேலையைச் செய்கிறேன். வரலாற்று வாள்வீச்சுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஏழு ஆண்டுகளாகச் சோதனை மேசையில் நிற்கிறேன். இந்த மடலில் உள்ள கோரிக்கைகளை எங்கள் வட்டாரக் கூட்டங்களில் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். இப்போது திறந்த மடலாக, அதுவும் தமிழில் எழுதக் காரணம் உண்டு. எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு இந்த ஆண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் காரில் கொண்டுவந்து விடும் அம்மாக்களும் அப்பாக்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணா, இதுல அடிபடாதே?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பவர்கள் நாம். பதில் பெற்றோருக்கும் புரிய வேண்டும். கேள்வி உங்களுக்கும் கேட்க வேண்டும்.

பெற்றோருக்காக ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். சென்னையின் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர் ஏந்திய சேபர் வாளின் மொத்த எடை, விதிப்படி 500 கிராமுக்குள் இருக்க வேண்டும். அந்த விளையாட்டின் மிகக் கனமான வாளான எப்பேகூட 770 கிராமைத் தாண்டக் கூடாது. நாங்கள் ஆடுவது வேறு. ஐரோப்பாவின் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு வாளாசிரியர்கள் விட்டுச் சென்ற சுவடிகளைப் படித்து, அவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்திய கூரற்ற வாள்களைப் போலவே இன்று செய்துகொண்டு, முழு வேகத்தில் மோதிப் பார்க்கும் கலை இது. இருகை வாளின் பயிற்சி வடிவமான ஃபெடர் சுமார் ஒன்றரை கிலோ எடை இருக்கும்; நீளம் ஒரு மீட்டருக்கு மேல். அதை இரண்டு கைகளாலும் சுழற்றி வெட்டும்போது தலையில் இறங்குவது, ஒலிம்பிக் வாளின் தட்டலைப் போன்றதன்று. இப்படியிருந்தும் நாங்கள் அணியும் மாஸ்க், பெரும்பாலும், அந்த ஒலிம்பிக் விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட அதே மாஸ்க்தான்.

இங்கிருந்துதான் என் முதல் மனக்குறை தொடங்குகிறது. சோதனை மேசையில் நாம் எண்களைப் படிக்கிறோம். எண்கள் எதைச் சொல்கின்றன என்பதைப் படிப்பதில்லை. ஜாக்கெட்டின் உட்புறத்தில் 350 நியூட்டன் என்றோ 800 நியூட்டன் என்றோ ஒரு முத்திரை இருக்கிறது. மாஸ்கின் கழுத்துத் துணியில் 1600 நியூட்டன் என்று இருந்தால் இன்னும் மகிழ்ச்சி அடைகிறோம். கிலோவில் சொன்னால் இவை முறையே ஏறக்குறைய 36, 82, 163 கிலோ எடையின் அழுத்தம். இந்த அளவு அழுத்தத்தில் ஒரு முனை துணியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகாது என்பது மட்டுமே அந்த எண்ணின் பொருள். ஒன்றரை கிலோ எஃகு மண்டையில் மோதும்போது மூளை எவ்வளவு குலுங்கும் என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. மோதிரவிரல் நொறுங்குமா என்பதைப் பற்றியும் சொல்லவில்லை. அதுவும் புதிதாகத் தறியிலிருந்து வந்த துணிக்குச் சொன்ன எண் அது. ஏழு ஆண்டு வியர்வையும் வெயிலும் குடித்த துணிக்குச் சொன்னதன்று.

மாஸ்கின் கம்பி வலைக்கும் இதே கதைதான். கம்பியின் தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கம்பிகளுக்கிடையேயான இடைவெளி 2.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஒலிம்பிக் வாள்வீச்சின் விதி சொல்கிறது. 12 கிலோ விசை தரும் சுருள்வில் குத்தூசியால் வலையை அழுத்திப் பார்த்து, கம்பி விலகினால் மாஸ்கைக் கழித்துவிடுகிறார்கள். நம் மேசைகளில் அந்தக் குத்தூசி இருக்கிறதா? நான் நின்ற மேசைகளில் இரண்டில் மட்டுமே கண்டிருக்கிறேன். மற்ற இடங்களில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். ஒரு மாஸ்கின் விலையைவிட மலிவான கருவி அது.

இந்தச் சோதனைகள் சும்மா வந்தவை அல்ல. 1982ஆம் ஆண்டு ஜூலையில் ரோம் நகரில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் என்னும் மெல்லிய குத்துவாள் பிரிவில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவும் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேரும் மோதினார்கள். பேரின் வாள் முறிந்தது. முறிந்த முனை ஸ்மிர்னோவின் மாஸ்க் வலையைத் துளைத்துக் கண்ணின் வழியே மூளைக்குள் சென்றது. சில நாட்களில் அவர் இறந்தார். உலகச் சாம்பியன் ஒருவர், உலகத்தின் மிகப்பெரிய களத்தில், அந்தக் காலத்து விதிகளின்படி அணிந்த மாஸ்குக்குள் இறந்தார். அதன் பிறகே மாஸ்க் வலையும், துணியும், வாளின் எஃகும் இன்றைய கண்டிப்புக்கு வந்தன.

நாம் வரலாற்றை மீட்டு ஆடுகிறவர்கள். ஆகவே இன்னும் பின்னால் போய் ஒரு நிகழ்ச்சியையும் நினைவில் கொள்ளலாம். 1559ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று பாரிஸில், மகளின் திருமணக் கொண்டாட்டத்தை ஒட்டி நடந்த குதிரைவீரர் போட்டியில், பிரான்சின் அரசர் இரண்டாம் ஹென்றி தம் மெய்க்காவல் தலைவர்களில் ஒருவரான மோன்ட்கொமெரியோடு மோதினார். ஈட்டி முறிந்தது. அதன் சிலாம்புகள் தலைக்கவசத்தின் முகப்பைத் தாண்டிக் கண்ணருகே பாய்ந்தன. அம்ப்ருவாஸ் பரேயும் வெசாலியஸும் போன்ற அக்காலத்தின் தலைசிறந்த மருத்துவர்கள் பார்த்தும், ஜூலை 10 அன்று அவர் இறந்தார். அரசரையும் ஸ்மிர்னோவையும் பிரிப்பவை 423 ஆண்டுகள். இருவரையும் கொன்றது பகைமை அன்று, கூர்முனையும் அன்று. மழுக்கப்பட்ட ஆயுதம் ஆட்டத்தின் நடுவே முறிந்து, முறிந்த நொடியில் கூராயுதமாக மாறியதுதான். என் இழுப்பறையில் இருக்கும் துண்டும் அந்த வரிசையில்தான் சேர்கிறது.

ஆகவே, நான் கேட்பது இதுதான்: உபகரணச் சோதனையைக் காலை நேரத்துச் சடங்காக நடத்துவதை நிறுத்துங்கள். வாள் மேசைக்கு ஒருமுறை வந்தால் போதாது, நாள் முழுவதும் பலமுறை வர வேண்டும். பார்க்கப்படுவதோடு நில்லாமல் கையால் தடவப்பட வேண்டும். கழிக்கப்பட்டதும் முறிந்ததும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

காலையில் என்ன நடக்கிறது என்பதை உள்ளபடி சொல்கிறேன். அன்று பதிவு செய்தவர்கள் அறுபது பேர். மேசையில் நாங்கள் இருவர். நேரம் ஒரு மணி. கணக்குப் போட்டால் ஒருவருக்கு இரண்டு நிமிடம் வருகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அவருடைய வாள், சில வேளைகளில் இரண்டு வாள்கள், மாஸ்க், பின்மண்டைக் காப்பு, கழுத்துக் காப்பு, ஜாக்கெட், கையுறை, முழங்கை, முழங்கால், தொடை, இடுப்புக் காப்பு அத்தனையையும் பார்க்க வேண்டும். வாளுக்குக் கிடைத்தது பதினைந்து நொடி. வளைத்துப் பார்த்தேன், வளைந்து நிமிர்ந்தது. முனையைப் பார்த்தேன், மழுங்கலாக இருந்தது. விளிம்பில் விரலை ஓட்டினேன், பிசிறு இல்லை. ஒட்டுத்தாளை ஒட்டினேன். கூடத்தின் குழல்விளக்கு உயரத்தில் இருந்தது. மேசையில் கைவிளக்கு இல்லை. விரிசல் இருந்த இடத்தில் என் கட்டைவிரல் நிச்சயம் சென்றிருக்கும். ஆயினும் மயிரிழை விரிசலுக்கு விரலில் தட்டுப்படும் மேடு இருப்பதில்லை.

பட்டறையில் இப்படிச் செய்திருந்தால் என் மேஸ்திரி அந்தத் துண்டை என் கையிலிருந்து பிடுங்கியிருப்பார். விரிசலைக் கண்ணால் தேடக் கூடாது, அதை வெளியே வரவழைக்க வேண்டும் என்று கற்பித்தவர் அவர். பட்டறைக்காரர்கள் டிபி டெஸ்ட் என்று சொல்லும் சோதனை அதற்காகவே இருக்கிறது. மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள் போதும். முதல் டப்பாவால் வாளில் இருக்கும் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். வாள்காரர்கள் துருவுக்குப் பயந்து தாராளமாக எண்ணெய் பூசுவதால் இந்தப் படியை இரண்டு முறை செய்தாலும் தவறில்லை. இரண்டாவது டப்பாவில் இருக்கும் சிவப்புச் சாயத்தை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால், விரிசல் இருக்கும் இடத்தில் அது தானாகவே உள்ளே இறங்கிவிடும். மேலே நிற்கும் சாயத்தைத் துணியால் துடைத்துவிட்டு, மூன்றாவது டப்பாவின் வெள்ளைப் பூச்சைப் பனிபோல மெல்ல அடிக்க வேண்டும். குற்றமற்ற வாள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளையாக நிற்கும். விரிசல் கண்ட வாளிலோ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சிவப்புக் கோடு அந்த வெள்ளையில் ஊறி மேலே வரும். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு அது ஒரு காயம் கசிவதைப் போலவே இருக்கும். அந்தக் கோட்டைக் கண்ட பிறகு அந்த வாளை யாரும் தம் நண்பர்மீது வீச விடமாட்டார்கள்.

இதை ஒவ்வொரு போட்டியின் காலையிலும் அறுபது வாளுக்குச் செய்ய முடியாது என்பதை அறிவேன். ஆனால் ஒவ்வொரு குழுவும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு சனிக்கிழமை மாலையில், தன் வாள்கள் அனைத்துக்கும் செய்ய முடியும். விரிசல் பெரும்பாலும் எங்கே பிறக்கிறது என்பதும் தெரிந்ததே. எதிர்வாள் பட்டு விழுந்த பள்ளத்தின் அடியில். வளைவு அதிகமாக விழும் முனைப்பக்க மூன்றிலொரு பகுதியில். வாளலகு கைப்பிடிக்குள் நுழைகிற தோளில். பள்ளம் விழுந்த உடனே அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் விரிசலுக்குப் பிறப்பிடமே இருக்காது. அரமும் உப்புத்தாளும் இல்லாத வாள்பையைக் கண்டால் நான் முதலில் அந்த வாளின் விளிம்பைத்தான் பார்க்கிறேன். பஞ்சு உருண்டை ஒன்றை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். விரலுக்குப் புலப்படாத பிசிறுகளிலும் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். முனையில் ரப்பர் குமிழ் மாட்டுகிறவர்கள், அதைச் சுற்றும் டேப் வாளின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய எஸ்சிஏ என்னும் பெரிய மீட்டுருவாக்க அமைப்பின், ரேபியர் என்னும் மெல்லிய நீள்வாளுக்கான விதிகளில் உள்ள ஏற்பாடு இது. குமிழ் கழன்று விழுந்தால் எதிராளிக்கும் மார்ஷலுக்கும் தூரத்திலிருந்தே தெரிந்துவிட வேண்டும் என்பதே நோக்கம். சின்ன விதிதான், நான் மிகவும் மதிக்கும் விதி, ஏனெனில் அதை எழுதியவர் சோதனை காலையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அறிந்திருக்கிறார்.

எஃகைப் பற்றி இன்னொரு சொல். ஒலிம்பிக் வாள்களில் பயன்படும் மாரேஜிங் எஃகு முறிந்தால் முனை தட்டையாக இருக்கும், ஆபத்தில்லை என்று நம் களங்களில் பலரும் சொல்லக் கேட்கிறேன். அது தவறான நம்பிக்கை. அந்த எஃகில் விரிசல் மெதுவாக வளர்கிறது; அதனால் முறிவது அரிதாகிறது. முறிந்தபின் எந்த எஃகின் முனையும் முறிந்த முனைதான். நம் ஃபெடர்கள் சாதாரண ஸ்பிரிங் எஃகில் செய்யப்பட்டவை என்பதால் நமக்கு அந்த அவகாசமும் குறைவு.

ஜாக்கெட்டைச் சோதிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். மேசையில் விரித்துப் போட்டு முத்திரையைப் படிப்பதால் பயனில்லை. அணிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பில் ஜாக்கெட் ஏறி வயிறு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு காலை நீட்டிக் குத்துநிலையில் நிற்கச் சொல்லுங்கள். கால்சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். மாஸ்கின் தாடைத் துணி மேலேற, கழுத்துக் காப்பின் விளிம்புக்கும் அதற்கும் இடையே குரல்வளை தெரிந்தால், அவர் அன்று களத்துக்குப் போகக் கூடாது. கையுறையின் வாய் சட்டைக் கையின்மேல் வந்து மூடியிருக்க வேண்டும். சட்டைக்குள் செருகியிருந்தால், அது எதிராளியின் வாள்முனைக்கு முழங்கைவரை திறந்துவிட்ட வாசல். பிறகு உங்கள் விரலை அக்குளில் வைத்துத் துணி எத்தனை அடுக்கு என்று உணருங்கள். கூச்சப்படாமல், அனுமதி கேட்டு, ஒவ்வொருவருக்கும் இதைச் செய்யுங்கள். அக்குளும் சோதிக்கப்பட வேண்டிய இடம் என்று சொல்லாத விதிப்புத்தகம் குறைபாடுள்ளது. அதில் கேட்பதற்குத் தயங்க எதுவுமில்லை.

வீட்டில் தைத்த உடைகளைப் பற்றிச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. கனமான பருத்தி-பாலியெஸ்டர் துணியை நான்கு அடுக்காக வைத்து நேர்த்தியாகத் தைத்த உடையை எஸ்சிஏவின் விதிகளே ஏற்கின்றன. நானே அப்படித் தைத்து அணிகிறேன். ஐந்நூறு டாலர் கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டை மாடியில் வெயிலில் உலர்த்துகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காப்புத் துணிகளில் சேர்க்கப்படும் கெவ்லர் போன்ற இழைகள் வெயிலின் புற ஊதாக் கதிரிலும் பிளீச்சிலும் வலுவிழக்கின்றன. வெளியே பார்த்தால் துணி புதிதுபோலவே இருக்கும். வியர்வை நாற்றம் போகட்டும் என்று பிளீச் ஊற்றித் துவைத்துவிட்டு, வெளுத்துச் சலவையாக வந்ததைப் பெருமையோடு காட்டிய ஒருவரிடம், அந்த ஜாக்கெட்டை இனிப் போட வேண்டாம் என்று சொல்வது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. தமிழ் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் வாள்வீச்சு ஜாக்கெட்டைக் குளிர்ந்த நீரில், பிளீச் இல்லாமல் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். அது இரவல் உபகரணம்.

புதிதாக வருகிறவருக்குச் சொந்தமாக எதுவும் இருக்காது. குழுவின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். அந்தப் பெட்டியில் இருப்பவை எப்படி வந்தன? மூத்தவர்கள் புதிது வாங்கியபோது கழித்துவிட்டுப் போன பழையவை. அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத, எந்த வெட்டு எங்கிருந்து வரும் என்று அறியாத, எதிராளியின் வேகத்தைக் கணிக்கத் தெரியாத ஒருவருக்கு, அந்தக் கூடத்தில் இருப்பதிலேயே மோசமான மாஸ்கைக் கொடுக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு பயிற்சி நாளில் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மாஸ்கை எடுத்துப் பார்த்தேன். நெற்றிக்கு நேரே வலையில் ஒரு குழி. யாரோ உட்புறமாகச் சுத்தியலால் தட்டி அதை நிமிர்த்தியிருந்தார்கள். கம்பியை ஒருமுறை வளைத்து மறுமுறை நிமிர்த்தினால் அது இறுகி நொறுங்கும் தன்மைக்கு வரும் என்பது, பேப்பர் கிளிப்பை ஒடித்துப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். காதுப் பக்கத்தில், துணியும் வலையும் சேருமிடத்தில், வியர்வை பட்டுப் பட்டுத் துரு ஏறியிருந்தது. பின்பக்கப் பட்டையின் எலாஸ்டிக் தொங்கிப்போய், தலையைக் குனிந்தால் மாஸ்க் முன்னே சரிந்தது. அதை ஒரு பதினாறு வயதுப் பையன் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கத் தயாராக இருந்தான். அவனிடமிருந்து வாங்கி என் மாஸ்கைக் கொடுத்துவிட்டு, அன்று நான் ஆடவில்லை.

இரவல் பெட்டியிலிருக்கும் ஒவ்வொரு மாஸ்குக்கும் ஓர் எண் எழுதுங்கள். வந்த ஆண்டு, கடைசியாகக் குத்தூசியால் சோதித்த நாள் ஆகியவற்றை அதன் உள்பட்டையிலேயே குறித்து வையுங்கள். தேறாத மாஸ்கைப் பெட்டிக்குள் திரும்பப் போடாதீர்கள். அது மீண்டும் யாருடைய தலையிலாவது ஏறும். வலையைக் கம்பிவெட்டியால் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். போட்டிக் கட்டணத்தில் தலைக்கு இரண்டு டாலர் கூட்டினால் ஆண்டுக்கு இரண்டு புதிய மாஸ்குகளாவது வாங்கலாம். அந்தக் கூடுதலை முதலில் கட்டுகிறவனாக நான் இருப்பேன்.

மேசைக்குத் திரும்பி வருகிறேன். காலையில் ஒட்டிய பச்சை ஒட்டுத்தாள் மாலைவரை செல்லும் என்ற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒரு வாள் ஆரம்பச் சுற்றில் ஐந்து ஆட்டங்களாவது ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனையோ முறை எதிர்வாளில் மோதுகிறது, வளைகிறது. மதியம் அது காலையில் நாம் பார்த்த வாள் அன்று. ஆகவே நாக்அவுட் சுற்றுக்கு முன் தகுதி பெற்றவர்களின் வாளையும் மாஸ்கையும் மட்டுமாவது மறுபடி பார்க்க வேண்டும். பதினாறு பேர்தான், மேசையில் நல்ல விளக்கு இருந்தால் மதிய உணவு நேரத்தில் முடிந்துவிடும். இதைத் தவிர, களத்தில் நிற்கும் நடுவருக்கு ஓர் அதிகாரம் தெளிவாக எழுத்தில் வேண்டும்: வாள் வழக்கத்துக்கு மாறாக வளைந்ததாகவோ, மோதும்போது எழும் மணியோசை கம்மியதாகவோ, மாஸ்கில் பலத்த அடி விழுந்ததாகவோ தோன்றினால், ஆட்டத்தை நிறுத்தி அந்தப் பொருளை மேசைக்கு அனுப்ப அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் பேர் அளவில் கூடும் எஸ்சிஏவின் பென்சிக் விழாவைப் போன்ற மாபெரும் கூட்டங்களிலும் ஆட்டத்துக்கு முன் உபகரணச் சோதனை உண்டு. அத்தனை பேர் கூடும் இடத்தில் முடிகிறதென்றால், அறுபது பேர் கூடும் நம் கூடத்தில் நேரமில்லை என்று நாம் சொல்ல வழியில்லை.

முறிந்ததையும் கழித்ததையும் எழுதி வைக்கச் சொன்னேன். அதற்குப் படிவமெல்லாம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த வகை வாள், எத்தனை ஆண்டு பழையது, முனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் முறிந்தது, முறிந்த முகத்தில் பழுப்பு இருந்ததா. உடைமையாளரின் பெயர் வேண்டியதில்லை. என் தொழிலில் ஒரு வெல்டு பெயிலானால் அதைக் காகிதத்தில் எழுதாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. எழுதியதால்தான் அடுத்த முறை எந்த இடத்தில் தேட வேண்டும் என்று தெரிகிறது. நம் களங்களிலோ வாள் முறிந்தால் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம், துண்டுகளைக் குப்பையில் போடுகிறோம், அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொரு வாள் முறிகிறது.

ஆட்டக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வாளை மேசையில் கழித்தால் அது உங்களை அவமதிப்பதன்று. நான் ஒருவருடைய வாளைத் திருப்பிக் கொடுத்தபோது, “முந்நூறு மைல் கார் ஓட்டி வந்திருக்கேன், இன்னிக்கு ஒரு நாள் விடுங்க” என்றார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வாள் முறிந்தால் பாயப் போவது அவருடைய உடலில் அன்று. எதிரே நிற்பவரின் உடலில். களத்தில் இறங்குகிறவர் தம் உயிருக்குத் தாமே பொறுப்பு என்று எல்லா விதிப்புத்தகங்களும் கையெழுத்து வாங்குகின்றன. காப்புடையைப் பொறுத்தவரை அது சரி. வாளைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்பது எதிராளியின் உயிருக்கான பொறுப்பு. எனவே மேசைக்கு வரும் முன், முந்தைய நாள் இரவே, நல்ல விளக்கின் கீழே உங்கள் வாளை நீங்களே பாருங்கள். சந்தேகமிருந்தால் மேசையில் நீங்களே சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவருக்கு மாற்று வாள் தருவதற்காகவே, இனி நான் நிற்கும் ஒவ்வொரு மேசையின் அடியிலும், டிபி டெஸ்ட் முடித்த என் சொந்த ஃபெடர்கள் இரண்டு இருக்கும்.

அமைப்பாளர்களே, அடுத்த பருவத்துக்கான விதிகளை வகுக்கும் கூட்டம் விரைவில் நடக்கவிருக்கிறது. மதிய மறுசோதனை, மேசைக்கு நான்கு மார்ஷல்கள், கைவிளக்கு, குத்தூசி, நோட்டுப் புத்தகம், இரவல் மாஸ்குகளுக்கான கட்டணம் ஆகியவற்றை அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மார்ஷல்கள் யாருக்கேனும் டிபி டெஸ்ட் கற்க விருப்பமிருந்தால், ஸ்ப்ரே டப்பாக்கள் என் செலவு. ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள், வந்து சொல்லித் தருகிறேன். இழுப்பறையில் இருக்கும் அந்தத் துண்டையும் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, அந்தப் பழுப்புப் பிறையை ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
அன்று காலை அந்த ஒட்டுத்தாளை ஒட்டிய மார்ஷல்